தண்ணீர் போகிற திசையில்: கல்லணை – பூம்புகார் ரோட்டில் 15 ஆண்டுகள்

இந்த ரோட்டை எங்கள் பக்கத்தில் யாரும் எண் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு இது மாயவரம் ரோடு. மாயவரத்துக்காரர்களுக்கு இதுவே கும்பகோணம் ரோடு, ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் பூம்புகார் ரோடு. திருவையாற்றில் நின்று மேற்கே கை காட்டினால் காட்டுப்பள்ளி ரோடு. நெடுஞ்சாலைத் துறைக் கணக்கில் இவை எல்லாம் ஒன்றுதான்: மாநில நெடுஞ்சாலை 22, கல்லணை – காவிரிப்பூம்பட்டினம் சாலை.

நான் பிறந்தது குத்தாலம் பக்கத்தில் ஒரு கிராமம். கல்லணையைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தேன். பூம்புகாருக்குச் சித்ரா பௌர்ணமிக்கு அப்பா அழைத்துப் போனார். இரண்டும் ஒரே ரோட்டின் இரண்டு நுனி என்று 25 வயது வரை எனக்குத் தெரியாது. 2008இல் ஆடுதுறையில் ஒரு விதைக் கடையில் வண்டி ஓட்டச் சேர்ந்தேன். குட்டியானையில் மூட்டை ஏற்றி மேற்கே திருக்காட்டுப்பள்ளி வரைக்கும், கிழக்கே மேலையூர் வரைக்கும் சில்லறைக் கடைகளில் இறக்க வேண்டும். சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது, எதிரில் இருந்த கிலோமீட்டர் கல்லைப் பார்த்தேன். தலை பச்சை, உடம்பு வெள்ளை, நடுவில் 22. மறுநாள் 60 கிலோமீட்டர் தள்ளி வேறொரு டீக்கடை வாசலிலும் அதே பச்சைத் தலை, அதே 22. அன்றைக்குத்தான் இந்த ரோடு எனக்கு ஒரு முழு உருவமாகத் தெரிந்தது.

புதிதாக வண்டி எடுக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான். கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. டெல்டாவில் ஒரு ஊரிலிருந்து நாலு பக்கமும் ரோடு பிரியும். போனில் சிக்னல் போய்விட்டால் பச்சைத் தலையைப் பார்த்துக்கொண்டே போங்கள், வழி தவறாது.

வேலையில் முதல் ஆண்டு நான் செய்த பெரிய தப்பு, தண்ணீரை வைத்துக் கணக்குப் போட்டது. மேட்டூரை ஜூன் 12 திறந்தால் மூன்று நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். கல்லணையில் திறந்தால் அது கிழக்கே இறங்கி இறங்கிக் கடைமடைக்கு வரும். அப்படியென்றால் குறுவை (ஜூனையொட்டித் தொடங்கும் குறுகிய கால நெல் பருவம்) விதை முதலில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விற்கும், அப்புறம் திருவையாறு, அப்புறம் கும்பகோணம், கடைசியில் மாயவரம் என்று நானே ஒரு வரிசை போட்டு, ஆடுதுறை 43 நெல் விதை மூட்டைகளை மேற்கே கொண்டுபோய் இறக்கினேன். குத்தாலத்துக் கடைக்காரர் போனில் சத்தம் போட்டார். "தம்பி, இங்க ஏப்ரல்லயே நாத்து விட்டாச்சு. போர் தண்ணியில குறுவை போடுற ஊருக்கு ஜூன்ல வித கொண்டாந்து என்ன பண்றது?" என்றார். நான் பிறந்த ஊர் பக்கத்தையே நான் மறந்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து மாயவரம் வரை நிலத்தடி நீர் நல்ல நீர். போர், அதாவது ஆழ்குழாய்க் கிணறு, வைத்திருப்பவர்கள் ஆற்றுக்குக் காத்திருக்க மாட்டார்கள். செம்பனார்கோவில் தாண்டிக் கடலை நெருங்க நெருங்க போரில் உப்பு ஏறும், அங்கே மறுபடியும் ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் விவசாயம். ஒரே ரோட்டில் மூன்று விதமான நாட்காட்டி ஓடுகிறது. இது எந்த வரைபடத்திலும் இருக்காது. மூட்டை திரும்பி வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு ரோட்டைப் பார்க்கும் முறையே மாறிவிட்டது. எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் கேட்பது, "இங்க எந்த வாய்க்கால் பாசனம்?" என்றுதான். ஊர்ப் பெயரைவிட வாய்க்கால் பெயரைச் சொல்லிக் கேட்டால் இந்தப் பகுதியில் வழி சீக்கிரம் கிடைக்கும். தலைப்பு (வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் இடம்), மதகு (தண்ணீரைத் திறந்து மூடும் வழி), படுகை (ஆற்றை ஒட்டிய நிலம்), கடைமடை (தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி): இந்த நாலு சொல் தெரிந்தால் போதும்.

ரோட்டின் மேற்கு நுனி கல்லணை. கரிகால சோழன் கட்டியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதைக் கட்டிய விதம். ஆற்று மணலில் பெரிய பெரிய கற்களைப் போட்டு, அவை தம் எடையில் தாமே அமிழ, அதன் மேல் மேலும் கல் அடுக்கி, இடையில் களிமண் பூசி எழுப்பியிருக்கிறார்கள். பின்னாளில் வந்த வெள்ளைக்காரப் பொறியாளர்கள் மணலில் அடித்தளம் போடும் வித்தையை இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். ஆர்தர் காட்டன் 1830களில் இங்கே மணல் சேர்ந்து காவிரி மேடாகிப்போனதைக் கவனித்து, மணலை வெளியேற்ற வழி செய்தார். மேலே முக்கொம்பில் 1836இல் மேலணையும் அவர் முயற்சியில் வந்தது. இன்றைக்குக் கல்லணையில் நின்றால் தண்ணீர் நாலாகப் பிரிவதைப் பார்க்கலாம்: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய். கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்போம். 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது, இன்னும் அதற்கு "புது" போகவில்லை.

அணையின் மேலேயே போகிற பழைய ரோடு குறுகல். எதிரில் ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் நின்று வழிவிட வேண்டும். கார்த்திகை, மார்கழிப் பனியில் காலை ஏழு மணி வரை பாலத்தின் மறுமுனை தெரியாது. ஆடிப்பெருக்கு அன்றைக்கு அந்தப் பக்கம் சரக்கு வண்டி கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். நான் ஒருமுறை போய்த் தோகூர்ப் பக்கம் மதியம் வரை நின்றேன். சுற்றிலும் தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள், கலந்த சாதத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்த குடும்பங்கள். ஒரு குடும்பத்தார் எனக்கும் இலையில் புளிச்சாதம் வைத்தார்கள். மூட்டை அன்றைக்கு இறங்கவில்லை.

கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி என்று கிழக்கே வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரோடு நேராகவே போகாது. இத்தனை சமமான நிலத்தில், ஒரு குன்றுகூட இல்லாத ஊரில், ஏன் இப்படி வளைகிறது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஆறு வளைகிற இடத்தில் ரோடு வளைகிறது, அவ்வளவுதான். இந்த நிலத்தில் ஐப்பசியிலிருந்து தை வரை வயல் எல்லாம் சேறும் தண்ணீரும். கால் நனையாமல் நடக்க ஆற்றங்கரை மேடு ஒன்றுதான் இருந்தது. ஆள் நடந்த கரையில் மாட்டு வண்டி போனது, வண்டி போன தடத்தில் கப்பி போட்டார்கள், கப்பி மேல் தார் விழுந்தது. பல இடங்களில் நீங்கள் ரோட்டில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஆற்றுப் படுகை, மறு பக்கம் ஓர் ஆள் மட்டத்துக்குக் கீழே வயல். நெடுஞ்சாலை என்ற பெயர் பிற்பாடு வந்தது. அதற்கு முன் அது கரை. வயசானவர்கள் இன்றும் "கரையோட போ" என்றுதான் வழி சொல்கிறார்கள்.

இந்த ரோட்டின் வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி, மதகுப் பாலங்களில் வண்டியை நிறுத்தி இறங்கிக் கீழே பார்ப்பது. மேலே போகும்போது எல்லாம் ஒரே தார்தான். கீழே குனிந்தால் கதை வேறு. சில இடங்களில் சிமென்ட் குழாய் இருக்கும். சில இடங்களில் சுண்ணாம்புக் காரை வைத்துச் செங்கல்லில் வளைவு கட்டியிருப்பார்கள், அதன் மேல் ஒட்டாக கான்கிரீட்டில் ஒரு பட்டை நீண்டிருக்கும். அந்தப் பட்டை ரோட்டை அகலப்படுத்தியபோது சேர்த்தது. பழைய வளைவின் அகலம்தான் அந்தக் காலத்து ரோட்டின் அகலம். கையை விரித்து நாலைந்து முறை அளந்து பார்த்திருக்கிறேன், இரண்டு மாட்டு வண்டி உரசாமல் போகிற அளவு. கைப்பிடிச் சுவரில் சில சமயம் ஆண்டு செதுக்கிய கல் இருக்கும், சுண்ணாம்பு அடித்து அடித்து மறைந்திருக்கும். நகத்தால் சுரண்டாதீர்கள், கல் பொரிந்து போகும். ஈரத் துணியால் துடைத்தால் எழுத்து மேலே வரும்.

திருவையாற்றைப் பற்றி எல்லோரும் எழுதுவதால் நான் நீட்டவில்லை. தியாகராஜர் ஆராதனை நடக்கும் புஷ்ய பகுள பஞ்சமி தை மாதத்தை ஒட்டி வரும். அந்த ஐந்து நாளும் ஊருக்குள் சரக்கு வண்டியைத் திருப்ப முடியாது, விடியற்காலை நாலு மணிக்கு இறக்கிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அப்படி ஒரு நாள் நாலரை மணிக்குக் காவிரிக்கரையில் யாரோ தனியாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது. கிழக்கே திருப்பழனம், திங்களூர், கணபதி அக்ரஹாரம். கணபதி அக்ரஹாரத்தில் விநாயகர் சதுர்த்திக்கு வீட்டில் படைக்க மாட்டார்கள், ஊரே கோவிலுக்குத்தான் கொழுக்கட்டை கொண்டுபோகும். அப்புறம் உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை.

சுவாமிமலையில் கொஞ்சம் நிற்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன், ஒருநாள் மெழுகுச் சிலை மேல் மண் பூசுவதைக் காட்டினார். ஆற்று வண்டல், மாவு மாதிரி, விரலில் தேய்த்தால் நெறுநெறுப்பே இல்லை. அந்த மண்ணை முதல் பூச்சாக மெழுகு மேல் தடவினால், மெழுகில் செதுக்கிய நகையின் ஒவ்வொரு மணியும் மண்ணின் உள்பக்கத்தில் அப்படியே பதியும். பிறகு கனமாக மண் பூசிச் சூடு காட்டி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஸ்தபதிகள் இந்த ஊரில் தங்கியதற்கு இந்த மண்தான் காரணம் என்று அவர் சொன்னார். நான் அவரிடம், "அண்ணே, இதே மண்ணுதான் எங்க ஊர் வயல்லயும் கிடக்கு" என்றேன். "கிடக்கும். ஆனா இங்க வர்றப்ப இருக்குற நைசு அங்க இருக்காது" என்றார்.

கும்பகோணத்தில் கடைக்காரராகவும் ஓட்டுநராகவும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: முகூர்த்த நாள். மகாமகம் 12 வருடத்துக்கு ஒருமுறை, 2016இல் வந்தது, அடுத்தது 2028. அதற்கு எல்லோரும் தயாராக இருப்பார்கள். முகூர்த்த நாளுக்கு யாரும் தயாராக இருப்பதில்லை. கும்பகோணத்தில் பாத்திரம், திருபுவனத்தில் பட்டு. வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் ஊருக்குள்ளிருந்து திருபுவனம் தாண்டும் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். விதையோ மருந்தோ, அவசரமாக இறக்க வேண்டியதைக் காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

திருவிடைமருதூர், அதை விட்டால் ஆடுதுறை, எங்கள் கடை. இந்த ஊர்ப் பெயர் தமிழ்நாட்டு நெல் வயலெல்லாம் போயிருக்கிறது. 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது, ஆடுதுறை 36, 43, 45 என்று நாங்கள் விற்ற குறுவை ரகமெல்லாம் அங்கே பிறந்தவை. அதற்கு அடுத்து நரசிங்கம்பேட்டை, நாதஸ்வரம் செய்கிற ஊர். பழைய வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த ஆச்சா மரத்தில் கடைவார்கள். மரம் எத்தனை ஆண்டு காய்ந்ததோ அத்தனைக்கு நாதம் நிற்கும் என்பார்கள். வண்டியில் போகும்போதே சில நாள் துளை போட்டு ஊதிப் பார்க்கும் ஒற்றை சுரம் கேட்கும்.

இந்தப் பகுதியில்தான் எனக்கு அந்த விபத்து நடந்தது. 2011 தை மாதம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளிப்பார்கள். அதற்காக ஆடுதுறை 3 உளுந்து விதை ஏற்றிக்கொண்டு குத்தாலம் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மாலை ஆறே கால். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதில் தப்பில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், களம் இல்லாதவர்கள் வேறு எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது? ஆனால் நெல்லின் ஓரத்தில் வண்டி ஏறாமல் இருக்கக் கருங்கல் அடுக்கியிருந்தார்கள். கல்லும் தாரும் ஒரே நிறம். எதிரில் பஸ் வந்ததால் நான் இடப்பக்கம் ஒதுங்க, முன் சக்கரம் கல்லில் ஏறி, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, கட்டுக் கயிறு அறுந்து, ஆறு மூட்டை நெல் மேல் விழுந்தது. மூன்று மூட்டை பிரிந்துவிட்டது.

பொன் நிற நெல் மேல் கறுப்பாக உளுந்து பரவிக் கிடந்தது. நெல்லுக்குக் காவல் இருந்த அம்மா ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கை கால்களைப் பார்த்தார், "அடி கிடி பட்டுச்சா தம்பி?" என்றார், அப்புறம் உளுந்தைக் கையில் அள்ளி முகர்ந்தார். "மருந்து கலந்ததா?" என்றார். இல்லை, மருந்து சேர்க்காத விதை என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு முறமும் ஓர் அரிக்கேன் விளக்கும் கொண்டுவந்தார்.

கொழிப்பதை நான் அதுவரை கவனித்துப் பார்த்ததில்லை. முறத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, மெல்ல ஒரு தட்டு, ஓர் உலுக்கு. உளுந்து உருண்டை, அதனால் அது ஓடிவந்து முறத்து நுனியில் கொட்டிவிடும். நெல் நீளம், அதனால் முறத்துப் பின்னலில் படுத்துக்கொள்ளும். அவர் பத்து முறம் முடிக்கும் நேரத்தில் நான் ஒன்று முடித்தேன், அதிலும் பாதி நெல் கீழே. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒன்பதரை மணிக்கு உளுந்து தனியாக, நெல் தனியாக, இரண்டும் சாக்கில். உளுந்தில் நாலு நெல் இருந்தால் விதைக்குக் குறையில்லை, நெல்லில் நாலு உளுந்து இருந்தால் கொள்முதல் நிலையத்தில் பேச்சு வரும், அதனால் நெல்லை இரண்டாம் முறையும் கொழித்தார்கள். நான் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அடுத்த சித்திரையில் அந்த வீட்டுக்குக் குறுவை விதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அதையும் விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

அதனால் இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் சொல்கிறேன். தை, மாசியிலும், குறுவை அறுப்பு நடக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும் இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் மாலை ஐந்தரைக்குப் பிறகு நாற்பதுக்கு மேல் போகாதீர்கள். நெல்லின் மேல் ஏறினால் டயர் வழுக்கும், இரு சக்கர வண்டிக்கு அது மணலைவிட மோசம். நெல் காயவைப்பவர்கள் கல் வைக்காதீர்கள், கட்டை வைக்காதீர்கள். வைக்கோல் பிரியை ஓரமாகப் போட்டு, அந்தி சாய்ந்ததும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். முடிந்தால் குவியலுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சாக்கைக் குச்சியில் கட்டி நடுங்கள், லைட் வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே தெரியும்.

மழைக்காலத்துக்கு ஒரே ஒரு பாடம்: தாரை விட்டு இறங்காதீர்கள். ரோடு கரை மேல் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? கரை களிமண். ஐப்பசி, கார்த்திகையில் ஊறிப்போய்ப் பார்க்கப் புல் முளைத்துக் கெட்டியாகத் தெரியும், சக்கரம் பட்டதும் உள்வாங்கிவிடும். லோடு வண்டி ஒதுங்க வேண்டுமென்றால் மதகுக் கட்டை, மில் வாசல், கோவில் வாசல் மாதிரி கெட்டித்த இடம் பார்த்து அதற்கு முன்னாலேயே நின்று காத்திருங்கள். ஒரு நிமிடம் நின்றால் ஒரு ராத்திரி மிச்சம்.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டு மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்கவில்லை. ரோட்டில் அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஜூனில் ஒரு நாளைக்கு ஐந்து நடை போன இடத்தில் ஒரு நடைகூட இல்லை. விதை மூட்டைச் சீட்டில் போட்டிருக்கும் காலக்கெடு ஒன்பது மாதம், அதற்குள் விற்கவில்லையென்றால் மறுபடி முளைப்புத்திறன் சோதித்துத்தான் விற்க முடியும். கிடங்கில் மூட்டை அப்படியே இருந்தது. டிராக்டர் கடைகள், டயர் கடைகள் மூடின. எங்கள் முதலாளி சம்பளம் நிறுத்தவில்லை, ஆனால் மாலையில் கணக்கு நோட்டை மூடிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஆற்றில் மாடு மேய்ந்தது. பிள்ளைகள் ஆற்று நடுவில் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர் வராத வருடம் ரோட்டில் பள்ளமும் குறைவு, வண்டியும் குறைவு. அந்த நல்ல ரோட்டை நான் வெறுத்தேன்.

மாயவரத்துக்கு வருவோம். 1982இல் பெயர் மயிலாடுதுறை ஆகிவிட்டது, ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் நாங்கள் மாயவரம் என்றுதான் சீட்டுக் கேட்போம். ஒருகாலத்தில் இந்த ரோடு நுனி முதல் நுனி வரை ஒரே தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் கிழக்குப் பகுதி நாகப்பட்டினத்தோடு போனது, 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்தது. விதை உரிமம், இருப்புக் கணக்கு எல்லாம் மாவட்டவாரி என்பதால் எங்களுக்கு நோட்டு மாறியது, அதிகாரி மாறினார். காவிரியின் துலாக் கட்டத்தில் ஐப்பசி முழுவதும் முழுக்கு, கடைசி நாள் கடைமுகம், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு. அந்த முடவன் முழுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். தாமதமாக வந்தவருக்கும் ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிற ஊர்.

மன்னம்பந்தல், செம்பனார்கோவில் பக்கம் போகும்போது தரங்கம்பாடி ரயில் ஓடிய மேடு அங்கங்கே தெரியும். 1980களில் நின்றுபோன பாதை. என் அத்தை அதில் போனவர், கல்யாணத்துக்கு வரிசைத் தட்டோடு பெட்டி நிறையப் போனதைச் சொல்வார்.

கடைக்குப் பருத்தி விதை வாங்க வரும் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர்தான் எனக்கு இந்த ரோட்டின் மிகப் பழைய பயணிகளைப் பற்றிச் சொன்னார். கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புகாரை விட்டுக் கிளம்பி, காவிரி வடகரையோடு மேற்கே நடந்து, கவுந்தியடிகள் என்ற சமணத் துறவியைச் சேர்த்துக்கொண்டு அரங்கம் (ஸ்ரீரங்கம்) வரை போகிறார்கள். நாளுக்கு ஒரு காவதத்துக்கு (அந்தக் காலத்துத் தூர அளவு) மேல் நடக்கவில்லை என்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. நாம் ஓட்டுகிற தார் ரோடு அதே தடம் என்று சொல்ல மாட்டேன், எங்கள் ரோடு பாதி தூரம் தென்கரையில் கிடக்கிறது. ஆனால் அந்த ஆறும், அந்தத் திசையும் அதுதான். "அவங்க தண்ணிக்கு எதிரா நடந்தாங்க, நீ தண்ணியோட வர்ற" என்றார் ஆசிரியர். அன்றிலிருந்து மேற்கே திரும்பிப் போகும் காலி வண்டியில், வெயில் முகத்தில் அடிக்கும் மாலை நேரத்தில், அந்தப் பெண்ணின் கால்கள் ஞாபகம் வரும்.

முழு ரோட்டையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பஸ்ஸிலும் பார்க்கலாம். நுனிக்கு நுனி ஒரே பஸ் கிடையாது என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லணைக்கு டவுன் பஸ். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி, பிறகு திருவையாறு, பிறகு கும்பகோணம், மாயவரம், பூம்புகார் என்று மாறி மாறிப் போக வேண்டும். கும்பகோணம் – மாயவரம் துண்டில் பஸ் அடிக்கடி, மேற்குத் துண்டுகளில் காத்திருக்க நேரும். ஒரே நாளில் முடியும், ஆனால் கும்பகோணத்தில் ஓர் இரவு தங்குவது நல்லது. ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ போங்கள். மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். கல்லணையில் அகலமாகப் பார்த்த காவிரி, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மஞ்சளாறு என்று கிளைகளுக்குப் பங்கு கொடுத்துக் கொடுத்து, பூம்புகாருக்கு வரும்போது ஒரு பெரிய வாய்க்கால் அகலத்துக்கு வந்துவிடும். கடலில் சேரும் இடத்தைப் பார்த்து இதுவா காவிரி என்று வெளியூர்க்காரர்கள் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் எல்லாம் நீங்கள் வந்த வழியில் வயலாக நிற்கிறது.

2020இல் எட்டு ஆண்டு கழித்து ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். ஊரடங்கு நேரம், ஆனால் விதைக்கும் உரத்துக்கும் அனுமதி இருந்தது. தண்ணீர் கல்லணை தாண்டி அடுத்தடுத்த நாட்களில் கிழக்கே வந்துகொண்டிருந்தது. நானும் தினம் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால், அது எங்கே வந்திருக்கிறது என்று ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்திப் பார்ப்பேன். கும்பகோணத்தில் முந்திக்கொண்டது. குத்தாலத்தில் நான் முந்தினேன். நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக முன்தண்ணீர் வறண்ட மணலை நனைத்து நனைத்து, ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

மேலையூர் கடையணைக்கு அது வந்த அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். முகக்கவசம் போட்ட பத்துப் பதினைந்து விவசாயிகள் பூவும் நெல்லும் தூவினார்கள். கதவணைப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் என் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

"கல்லணையில என்னிக்குத் தொறந்தாங்க தம்பி?"

"பதினாறாம் தேதி ஐயா."

விரல் மடக்கி எண்ணினார். சுண்டு விரலிலிருந்து தொடங்கிக் கட்டை விரல் வரை, மறுபடி சுண்டு விரல். பிறகு நிமிர்ந்து, "சி.ஆர். ஆயிரத்து ஒம்போது நெல்லு வித இருக்கா? ரெண்டு மூட்டை எடுத்து வை. சம்பாவுக்கு இப்பவே வாங்கி வச்சிடுறேன்" என்றார். காசை எண்ணிக் கொடுத்துவிட்டு மறுபடியும் தண்ணீர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார்.